நாவல் அலமாரியில் கிடக்கும் வாழ்க்கை வரலாறுகள்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகள் ஒன்பதாம் வகுப்பு. கோடை விடுமுறையில் பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் முடித்துவிட்டாள். சிறுவர் கதை கொடுத்தால் "இது சின்னப் பிள்ளைங்களுக்கு" என்று தள்ளி வைக்கிறாள். பெரியவர்கள் படிக்கும் நாவலைக் கொடுக்கத் தாயாருக்குத் தயக்கம். இதற்கு நடுவில் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியிருக்கிறது. உள்ளே மலாயாவிலிருந்து வந்த நான்கு கடிதங்கள், கடைசிக் கடிதம் 1941-ல் வந்தது. எழுதியவர் இவருடைய மாமனாரின் தகப்பனார். ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் போடப் பிடித்துப் போனார்கள், திரும்பவில்லை. வீட்டில் தெரிந்தது அவ்வளவுதான். பெண் இப்போது போர்க்காலத்து வாழ்க்கை வரலாறுகள் வேண்டும் என்கிறாள். இளையோர் கதை, போர்க்கால வாழ்க்கை வரலாறு இரண்டிலும் உருப்படியானதை எப்படித் தேடுவது என்பது கேள்வி.

நான் முப்பது வருடத்துக்கு மேல் டெல்டாவில் நாலைந்து கிளை நூலகங்களில் புத்தகம் எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி அடுக்கியவன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அம்மா. உங்கள் மகள் கேட்பது இரண்டு வகைப் புத்தகம் போலத் தெரிகிறது. உங்கள் வீட்டுக் கதை என்று வரும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். நம் ஊர்க்காரர்களின் போர்க்கால வாழ்க்கை, 'வாழ்க்கை வரலாறு' என்று எழுதி ஒட்டிய அலமாரியில் அனேகமாகக் கிடையாது. அது நாவல் அலமாரியில் கிடக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகள் எழுதினார். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். அதே வருடம் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார்; தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். நூலகப் பயிற்சியில் இதையெல்லாம் மனப்பாடம் செய்தபோது இரண்டாவது விதி உடனே புரிந்துவிட்டது. மூன்றாவது விதி புரிய ஒரு பையன் வர வேண்டியிருந்தது.

பத்தாம் வகுப்புப் பையன். கபடியில் காலை உடைத்துக்கொண்டு மாவுக்கட்டோடு, அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வருவான். துப்பறியும் கதை எல்லாம் தீர்ந்துவிட்டது. அப்போது எங்கள் நூலகத்தில் அட்டை பிய்ந்து, காக்கி பைண்டிங் போட்ட ஒரு தடிப் புத்தகம் இருந்தது. தலைப்பு 'உண்மை மனிதனின் கதை'. எனக்கு முன்பு இருந்தவர் தலைப்பைப் பார்த்துத் தத்துவ அலமாரியில் செருகி வைத்திருந்தார். பல வருடத்தில் தேதிச் சீட்டில் விழுந்தது இரண்டே முத்திரை. பரீஸ் பொலெவோய் எழுதியது, தமிழில் பூ. சோமசுந்தரம். 1942-ல் சுட்டு வீழ்த்தப்பட்ட ரஷ்ய விமானி ஒருவன், நசுங்கிய கால்களோடு பனிக்காட்டில் 18 நாள் ஊர்ந்தே தன் ஆட்களிடம் வந்து சேர்கிறான். கரடி வருகிறது, பசிக்கு முள்ளெலியைத் தின்கிறான். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலையும் எடுத்துவிடுகிறார்கள். அவன் கட்டைக்காலோடு மறுபடி விமானம் ஓட்டப் போகிறான். உடம்பு தேறிவிட்டது என்று டாக்டர்களை நம்ப வைக்க, அந்தக் காலோடு நடனம் ஆடிக் காட்டும் இடம் ஒன்று இருக்கிறது. பையன் நான்கு நாளில் முடித்துவிட்டு வந்து நின்றான்.

"இது நெசமா நடந்ததா சார்?"

நடந்ததுதான். விமானியின் பெயர் அலெக்ஸேய் மரேஸ்யெவ். 2001 வரை உயிரோடு இருந்தார். தன் 85-ஆம் பிறந்தநாள் விழா தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது இறந்தார். புத்தகத்தில் அவர் பெயர் மெரேஸ்யெவ். ஒரே ஒரு எழுத்துதான் மாற்றம். இதைச் சொன்னதும் பையன் கேட்டான்: "நெசம்னா பேரை எதுக்கு மாத்தினாங்க?"

அந்தக் கேள்வியைத்தான் உங்கள் மகளுக்குப் பழக்கிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். எந்த வயதுக்கு எந்தப் புத்தகம் என்று நூறு பெயர் கொண்ட பட்டியல் எங்கேயும் கிடைக்கும். படித்துவிட்டு "இதில் எது நடந்தது, எது சேர்த்தது, எதற்காகச் சேர்த்தார்கள்" என்று கேட்கும் பிள்ளைக்கு அந்தப் பட்டியல் தேவைப்படாது. அவள் ஒரு புத்தகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தானே போவாள்.

இதில் நான் வாங்கிய அடி ஒன்றையும் சொல்கிறேன். ஹிரோஷிமாச் சிறுமி சடாக்கோ சசாகியின் கதையை நூலக வாசகர் வட்டத்தில் உருக்கமாகச் சொல்வேன். குண்டு விழுந்தபோது இரண்டு வயது, 1955-ல் ரத்தப் புற்றுநோயில் இறந்தாள், ஆயிரம் காகிதக் கொக்கு மடித்தால் பிழைக்கலாம் என்று மடித்தாள், 644-க்கு மேல் முடியவில்லை, மீதியைத் தோழிகள் மடித்தார்கள். உலகம் முழுக்கப் பரவிய ஆங்கிலச் சிறுவர் நூல் இப்படித்தான் சொல்கிறது. ஒருநாள் ஒரு எட்டாம் வகுப்புப் பெண் எழுந்து, "ஆயிரத்தையும் அவளே முடிச்சிட்டா சார், அவங்க அண்ணன் சொல்லியிருக்காரு" என்றாள். சரிபார்த்தேன், அவள் சொன்னதுதான் சரி. சடாக்கோ ஆயிரத்தைத் தாண்டியும் மடித்துக்கொண்டிருந்தாள். முடிக்காமல் இறந்தால் கதைக்குச் சோகம் கூடும் என்று எழுதியவருக்குத் தோன்றியிருக்கலாம். எனக்கு என்னவோ, ஆயிரம் முடித்தும் பிழைக்கவில்லை, ஆனாலும் மடிப்பதை நிறுத்தவில்லை என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

இதே காரணத்துக்காக ஒரு புத்தகத்தை எச்சரிக்கையோடு கொடுங்கள். ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் மத்தியில் ஜான் பாய்ன் எழுதிய 'தி பாய் இன் தி ஸ்ட்ரைப்டு பைஜாமாஸ்' ரொம்பப் பிரபலம். நாஜி வதைமுகாம் அதிகாரியின் மகனும் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் யூதச் சிறுவனும் நண்பர்களாவது கதை. யூதப் படுகொலையைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் இதைத் தவிர்க்கலாம் என்று ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகமே 2020-ல் சொல்லிவிட்டது. அழவைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் வேலியோரம் தினம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க முடிகிற இடமாக அந்த முகாமைப் பிள்ளை மனதில் பதிய வைத்துவிடும்.

அதற்குப் பதில் ஆன் ஃபிராங்க். பெயர் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்கும். பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம் வந்தாலே ஒரு புத்தகத்தின் மேல் தூசி படிந்துவிடுகிறது. ஆனால் 14 வயதுப் பெண்ணுக்கு இதைவிட நெருக்கமான போர்க்காலப் புத்தகம் எனக்குத் தெரியாது. 1942 ஜூன் 12, பதின்மூன்றாம் பிறந்தநாளில் டைரி கிடைக்கிறது. யூதக் குடும்பம் என்பதால் ஒரு மாதத்துக்குள் நாஜிகளுக்குப் பயந்து, ஆம்ஸ்டர்டாமில் அப்பாவின் அலுவலகக் கட்டடத்துக்குப் பின்பக்கம் ஒளியப் போகிறார்கள். எட்டுப் பேர், இரண்டு வருடம். 1944 ஆகஸ்ட் 4 அன்று பிடிபட்டார்கள். திரும்பி வந்தவர் அப்பா ஒருவர்தான். இது எல்லோருக்கும் தெரியும். 1944 மார்ச்சில் வானொலியில், போர்க்கால டைரிகளையும் கடிதங்களையும் பத்திரப்படுத்தி வையுங்கள் என்று நெதர்லாந்து அமைச்சர் ஒருவர் பேசினார். அதைக் கேட்டுவிட்டு ஆன் தன் டைரியைத் தானே திருத்தி, மறுபடி எழுதத் தொடங்கினாள் என்பது அவ்வளவாகப் பேசப்படாதது. பதினான்கு வயதில் எழுத்தாளராகத் திட்டம் போட்டவள் அவள். உங்கள் மகளிடம் இதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள், வேறு மாதிரிப் படிப்பாள். தமிழிலும் கிடைக்கிறது. ஆனால் கையில் எடுத்தவுடன் கனத்தைப் பாருங்கள். நூறு பக்கத்துக்குள் முடிந்துவிட்டால் அது சுருக்கம். அம்மாவோடு போடும் சண்டை, கூட ஒளிந்திருந்த பையன் பீட்டர் மேல் வரும் மயக்கம், சாப்பாட்டு மேசை எரிச்சல் எல்லாம் அதில் வெட்டுப்பட்டிருக்கும். அவை இல்லாவிட்டால் மிஞ்சுவது ஒரு தியாகி படம்தான், பெண் இருக்கமாட்டாள்.

சட்டென்று கனமாகத் தொடங்க வேண்டாம் என்றால் டோட்டோ-சான். நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகத் தமிழில் பல பதிப்பு வந்த புத்தகம். ரயில் பெட்டிகளில் நடக்கும் பள்ளிக்கூடம், குறும்புக்காரச் சிறுமி, பொறுமைசாலித் தலைமையாசிரியர். பாதிப் பேர் இதைக் கல்விப் புத்தகம் என்று ஆசிரியர்களுக்குத்தான் பரிசளிக்கிறார்கள். உண்மையில் இது ஒரு போர்க்காலத் தன்வரலாறு. 1945-ல் டோக்கியோ மேல் விழுந்த குண்டில் அந்தப் பள்ளி எரிகிறது. தெருவில் நின்று எரிவதைப் பார்த்துக்கொண்டே தலைமையாசிரியர் தன் மகனிடம், அடுத்து எப்படிப்பட்ட பள்ளி கட்டலாம் என்று கேட்கிறார். புத்தகம் முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்த பிள்ளை அந்தப் பக்கத்தில் நின்றுவிடும்.

பழைய சோவியத் மொழிபெயர்ப்புகளில் இந்த வயதுக்கு ஒரு புதையலே இருக்கிறது. சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'ஜமீலா' குறுநாவல்தான், ஒரே மாலையில் முடியும். ஆண்கள் எல்லாம் போர்முனைக்குப் போய்விட்ட கிராமத்தில், தானிய வண்டி ஓட்டும் அண்ணியை ஒரு பதின்வயதுப் பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு துப்பாக்கிச் சத்தமும் கேட்காது, ஆனாலும் அது போர்க் கதை. அறுவடை பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குக் களத்துமேட்டுக் காட்சிகள் விளக்கமே இல்லாமல் புரியும். பரீஸ் வசீலியெவின் 'அதிகாலையின் அமைதியில்' அடுத்த படி. ஐந்து இளம்பெண்கள், ஒரு சார்ஜென்ட், காட்டுக்குள் பதினாறு ஜெர்மானியர். 'பேராண்மை' படம் பார்த்திருந்தால் இது எங்கேயோ கேட்ட கதையாக இருக்கிறதே என்று மகளே கண்டுபிடித்துவிடுவாள். அந்த உறவைப் பேசுவதே ஒரு மணி நேரப் பொழுதுபோக்கு.

தமிழில் நேரடியாக இன்று இளையோருக்கு எழுதுகிறவர்களை விட்டுவிட வேண்டாம். சாகித்ய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்கென்று பால சாகித்ய புரஸ்கார் விருது கொடுக்கிறது. 2020-ல் யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2023-ல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2025-ல் நம் டெல்டாக்காரர் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'. விருதுப் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. இதில் பலவும் பத்துப் பன்னிரண்டு வயதை நோக்கி எழுதப்பட்டவை; பொன்னியின் செல்வனை விழுங்கியவளுக்கு அரை நாள் தீனி. பதினான்குக்கும் பதினெட்டுக்கும் நடுவில் தமிழில் ஒரு பள்ளம் இருப்பது உண்மைதான். அதைப் பெரியவர்கள் நாவல்களிலிருந்து பொறுக்கித்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது.

அப்படிப் பொறுக்கினால் என் கை முதலில் போவது அசோகமித்திரனின் '18-வது அட்சக்கோடு' பக்கம். செகந்திராபாத்தில் வளரும் சந்திரசேகரன் என்ற பையன், கிரிக்கெட், கல்லூரி, சைக்கிள். சுற்றிலும் நிஜாம் ராஜ்யம் இந்தியாவோடு சேருமா சேராதா என்ற கொதிப்பு, நிஜாமுக்காக ஆயுதம் ஏந்திய ரஜாக்கர்கள், 1948 செப்டம்பரில் ராணுவ நடவடிக்கை. பெரிய சம்பவங்களை ஒரு பையனின் கண் உயரத்திலிருந்தே எழுதியிருக்கிறார். முடிவு கடுமையானது. அதனால் பத்தாம் வகுப்பு முடியட்டும். நீங்கள் முதலில் படித்துவிட்டு, அப்புறம் கொடுங்கள்.

இனி உங்கள் தகரப் பெட்டிக்கு வருவோம்.

சயாம்-பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலையும் காடும் காலராவும். வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். அதில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அந்தக் கைதிகளைப்போல் மூன்று மடங்குக்கு மேல், இரண்டு லட்சத்தைத் தாண்டும். இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் அளவில் இருக்கும் என்பது மதிப்பீடு. அதில் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் ஏராளம். கூலி தருகிறோம், சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி அழைத்தார்கள். ஆள் போதாதபோது பிடித்தார்கள். இலவச சினிமா என்று கூட்டம் சேர்த்து, கொட்டகைக் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றியதாகவும் வாய்மொழிப் பதிவுகள் உண்டு.

தாய்லாந்தில் காஞ்சனபுரியில் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், புல்வெளி வெட்டி, வரிசை பிடித்து, பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும் பொறித்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் கைதிகளாக வந்த சிப்பாய்கள். சிப்பாய் என்றால் ராணுவத்தில் அவனுக்கு ஒரு பதிவேடு உண்டு, எண் உண்டு, செய்தி சொல்ல ஒரு அலுவலகம் உண்டு. பிழைத்து வந்தவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நிறைய. அதனால் ஆங்கிலத்தில் அந்தப் பாதையைப் பற்றித் தன்வரலாறுகள் ஏராளமாக இருக்கின்றன. தோட்டத்துத் தமிழனுக்குத் தோட்டத்துச் செக்ரோல் என்ற ஆள் கணக்குப் புத்தகம்தான் பதிவேடு. துரை ஓடிப்போன பிறகு அதை வைத்திருந்தவர் யார்? கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் குறைவு, பிழைத்தவர்கள் அதைவிடக் குறைவு. ஆகவேதான் உங்கள் மாமனாரின் அப்பாவைப் போன்றவர்களுக்கு வாழ்க்கை வரலாறு இல்லை. அந்த வேலையைப் பிற்பாடு மலேசியத் தமிழ் நாவலாசிரியர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் இந்தப் பாதையைப் பற்றிய நாவல்கள். உங்கள் மகளுக்கு முதலில் எதைக் கொடுப்பது என்று கேட்டால் இந்த இரண்டில் எது கிடைக்கிறதோ அதை என்பேன். இலக்கிய நயம் பார்த்து அல்ல. லயம் (தொழிலாளர் வரிசை வீடு), கங்காணி (வேலையாட்களை மேய்ப்பவர்), பால்மரம் (ரப்பர் மரம்) என்று அந்தக் கடிதங்களில் வரும் சொற்கள் இவற்றில் வாழும். படித்துவிட்டுக் கடிதத்தை மறுபடி எடுத்தால் வரிகள் அவளுக்கு வேறு மாதிரிப் பேசும்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை யாராவது கட்டாயம் சிபாரிசு செய்வார்கள். செய்யட்டும், தமிழின் பெரிய நாவல்களில் ஒன்று. 1972-ல் புத்தகமாக வந்தது. ஜப்பான்காரன் நுழையும், சுமத்ராத் தீவின் மேடான் நகரில் தொடங்கி, பினாங்கு, இந்திய தேசிய ராணுவம் என்று போகும். போருக்கு முன்பே மேடானில் வேலை பார்த்தவர், அந்தத் தெருக்களைக் கண்ணால் கண்டவர் எழுதியது. ஆனால் வெட்டிய தலைகளைக் காட்சிக்கு வைத்த இடம் ஆரம்பத்திலேயே வரும், விலைமாதர் தெருக்கள் வரும், மொழியும் குதிரை மாதிரி இழுக்கும். ஒரு முறை அவசரப்பட்டு ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குக் கொடுத்தேன். இரண்டே நாளில் மேசையில் வைத்துவிட்டு, "வேற குடுங்க சார்" என்றான். அவன் அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பதினேழு வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

நிஜமான வாழ்க்கை வரலாறே வேண்டும், அதுவும் தமிழில் எழுதியது வேண்டும் என்றால் வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழிநடைப் பயணம்'. ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தவர். 1941 டிசம்பரில் ரங்கூன் மேல் குண்டு விழத் தொடங்கியது, 1942 மார்ச்சில் நகரமே ஜப்பான் கைக்குப் போனது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாக மலை தாண்டிக் கிளம்பினார்கள். சர்மாவும் மனைவி மங்களமும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். இதில் வீரதீரம் கிடையாது. எந்த ஊரில் அரிசி கிடைத்தது, மூட்டைக்கு எவ்வளவு கேட்டார்கள், யாரை வழியில் விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது என்று ஒரு குடும்பஸ்தர் கணக்கு எழுதுவது போன்ற நடை. சாகசக் கதை எதிர்பார்க்கும் பிள்ளை முதல் முப்பது பக்கத்தில் முகம் சுளிக்கும். நான் செய்வது இதுதான்: முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொல்வதில்லை. நடை தொடங்கும் இடத்தில் விரலை வைத்துக் கொடுப்பேன். பிடித்தால் பிள்ளை தானே முன்னால் போய் ஆரம்பத்தைப் படிக்கும்.

பர்மா போன வீடுகள் நம் பக்கம் எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பர்மா அரிசி நின்றுபோனதுதான் இங்கே ரேஷனுக்கும் தட்டுப்பாட்டுக்கும் ஒரு பெரிய காரணம். சொந்தமாக நெல் விளைகிற ஜில்லாவில் பாட்டிமார் கிழங்கு தின்ற கதையைச் சொல்வார்கள், கேட்டிருப்பீர்கள்.

பெண்கள் கதை வேண்டுமென்றால், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென்றே இருந்த ஜான்சி ராணிப் படை. 1943-ல் சிங்கப்பூரில், சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி தலைமையில் அமைந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பகுதி மலாயா தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். கோலாலம்பூர் ஜானகி தேவருக்கு அப்போது 18 வயது. நேதாஜி கூட்டத்தில் நகையைக் கழற்றிக் கொடுத்தவர், பிறகு படையில் இரண்டாம் நிலைத் தலைமைக்கு வந்தார். ராசம்மா பூபாலன் சேர்ந்தபோது 16. லட்சுமியின் தன்வரலாறும் ராசம்மாவின் வாழ்க்கை வரலாறும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. இங்கேயும் அதே கதைதான், கவனியுங்கள்: படித்த குடும்பத்துப் பெண்களுக்குப் புத்தகம் இருக்கிறது, பால்மரம் வெட்டிய பெண்களுக்குக் கூட்டுப் புகைப்படம்தான் இருக்கிறது.

ஈழப் போர் பற்றி மகள் கேட்கத்தான் போகிறாள். கோடியக்கரையிலிருந்து பார்த்தால் அது தூரத்துப் போர் இல்லை. பள்ளி மாணவியாக இருந்தபோது விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்த தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' 2016-ல், அவர் மறைந்த பிறகு வெளிவந்தது. விவாதமும் கூடவே வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில், அந்த விவாதங்களோடு சேர்த்தே படிக்கட்டும்.

எல்லாம் அழுகையாக இருக்கிறதே என்றால் நடுவில் ஒரு கடல் கதை. நம் ஆட்கள் கெட்டிக்காரனை 'சரியான எம்டன்' என்பார்களே, அந்த எம்டன் ஜெர்மன் கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போனது. நவம்பரில் கோகோஸ் தீவில் அது மாட்டிக்கொண்டபோது, கரையில் இறங்கியிருந்த அதிகாரி ஃபன் மூக்கே சுமார் ஐம்பது பேரோடு 'ஆயிஷா' என்ற பழைய பாய்மரக் கப்பலைக் கைப்பற்றி, அரேபியா வரை தப்பித்து, அங்கிருந்து துருக்கி போய்ச் சேர்ந்தார். அதை அவரே எழுதியிருக்கிறார். பொன்னியின் செல்வனில் பூங்குழலி படகோட்டும் பக்கங்கள் பிடித்தவளுக்கு இது கட்டாயம் பிடிக்கும்.

சரி, இவற்றை எங்கே பிடிப்பது? மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள், ஆனால் அலமாரியில் இல்லை என்பதோடு திரும்பிவிடாதீர்கள். நான் சொன்ன 'தத்துவ' அலமாரிக் கூத்து எல்லா நூலகத்திலும் நடக்கும். 'சயாம் மரண ரயில்' பயண நூல்களோடு இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். தலைப்பு, ஆசிரியர் இரண்டையும் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து, பதிவேட்டில் பார்க்கச் சொல்லுங்கள். சாமிநாத சர்மாவின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை, பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன. பழைய தமிழ்ப் புத்தகங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' என்றே பெயர் கொண்ட இணையதளம், இரண்டும் காசில்லாமல் படிக்கக் கிடைக்கும். சோவியத் புத்தகங்களில் சிலவற்றை மறுபதிப்புப் போட்டிருக்கிறார்கள்; மற்றபடி பழைய பேப்பர் கடை. கும்பகோணத்தில் ஒரு கடைக்காரர் எனக்காக ரஷ்யப் புத்தகங்களைத் தனியாக எடுத்து வைத்து, தராசில் போட்டு விலை சொல்வார். 'ஜமீலா' இலேசான புத்தகம் என்பதால் எனக்கு லாபம்.

புத்தகக் கண்காட்சியில் பத்து சதவீதக் கழிவைப் பார்த்து மயங்கி, பளபளப்பு அட்டை போட்ட 'மாவீரன் இன்னார்' வகையறாக்களை வாங்கிவிடாதீர்கள். வாங்கும் முன் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து நின்றபடியே படியுங்கள். அந்தப் பக்கத்தில் ஒரு தேதியோ, ஒரு ஊரோ, அந்த மனிதர் சாப்பிட்ட ஒரு பண்டமோ இல்லாமல் வெறும் புகழ்ச்சி மட்டும் இருந்தால் வைத்துவிட்டு நகருங்கள். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதும் ஆளைக் கண்டால் வாங்குங்கள். மொழிபெயர்ப்பு என்றால் யார் மொழிபெயர்த்தது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயரே போடாத மொழிபெயர்ப்பில் பாதி காணாமல் போயிருக்கும்.

படிப்பதற்கு மட்டுமல்ல, கேட்பதற்கும் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகம், ஜப்பானியர் காலத்தைக் கடந்து வந்தவர்களிடம் எடுத்த வாய்மொழிப் பேட்டிகளை இணையத்தில் வைத்திருக்கிறது. தமிழில் பேசியவையும் உண்டு. கூடவே பழைய 'தமிழ் முரசு' நாளிதழ்களையும் சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்வடிவில் ஏற்றியிருக்கிறது. உங்கள் மகள் எந்த நாவலையும்விட இதில் அதிக நேரம் உட்கார்ந்துவிடுவாள் என்று எனக்கு ஒரு சந்தேகம். பள்ளிக்கூடம் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அங்கே தேட ஒரு பெயர் வேண்டும். ஆள் பெயர் போதாது. அந்த ஒரு தோட்டத்திலேயே அதே பெயரில் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். தோட்டத்தின் பெயர் வேண்டும். கடிதத்துக்குள் இல்லையென்றால் உறையைப் பாருங்கள், அம்மா. அனுப்புநர் முகவரியில், இல்லாவிட்டால் தபால் முத்திரையின் வளைவில் ஊர் இருக்கும். மை மங்கிப் போயிருந்தால் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். உறையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்றால் உங்கள் மாமியாரைக் கேளுங்கள். மாமனாரை வளர்த்தது அவருடைய அம்மா. அந்தப் பாட்டி மருமகளிடம் அந்தத் தோட்டத்தின் பெயரை ஒரு தடவையாவது சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்.